இங்கே எடுத்ததை இங்கேயே வைக்கச் சொன்னேன்

என் மருமகனோடு நான் முகம் பார்த்துப் பேசியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நடுக்கடலில், ஆட்கள் வரிசையில் நிற்கிற இடத்தில். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்போம். சாப்பாடு வேண்டுமா என்று கேட்பதானால்கூட, "ஏட்டி, மாப்பிள்ளைக்கு எலை போடவான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வோம். அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன். அதை மரியாதை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த மரியாதையை ஒரு சாயங்காலம் ஏன் விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. எழுத்தில் குறை இருக்கலாம். செய்ததில் குறை இல்லை.

கோவில்பட்டியில் என் வீட்டுக்காரருக்கு மாட்டுத்தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, இதுதான் வியாபாரம். சுத்துப்பட்டு ஊர்களில் ஆடுமாடு வைத்திருக்கிறவர்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து வாங்கிப்போவார்கள். மகளைச் சென்னையில் வளர்ந்த பையனுக்குக் கொடுத்தோம். அவருக்குச் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்லவர். கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது, என் மகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்தான் எங்களைக் கப்பலில் கூட்டிப்போக ஆசைப்பட்டார். சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்து பக்கம் போய்விட்டு, மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிற உல்லாசக் கப்பல். "நமக்கு எதுக்கு இந்த வீண் செலவு?" என்று என் வீட்டுக்காரர் போனில் இழுத்தார். "டிக்கெட் எடுத்தாச்சுப்பா. இனி வேண்டாம்னா காசு திரும்ப வராது" என்றாள் மகள். அந்த ஒரு சொல் போதும். மறுநாளே பரணில் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டார்.

நான் விபூதி, குங்குமம், உள்ளங்கை அகலத்தில் ஒரு செந்தூர் முருகன் படம், பருப்புப்பொடி எல்லாம் எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் நம் ஆட்கள் கடைத்தெருவில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். "கப்பல்ல நெருப்பே கூடாதும்மா, விளக்கெல்லாம் ஏத்தப்பிடாது" என்று மகள் மிரட்டிவைத்திருந்தாள். சரி என்றேன். விளக்கு இல்லாவிட்டால் முருகனுக்கு என்னை அடையாளம் தெரியாதா என்ன?

ஏறினவுடன் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டைதான் கதவுக்குச் சாவி, அதுவேதான் காசு. கப்பலுக்குள் ரொக்கம் எங்குமே செல்லாது. எது வாங்கினாலும் அட்டையை நீட்டவேண்டும். கணக்கெல்லாம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மாப்பிள்ளையின் பேங்க் கார்டில் மொத்தமாகக் கழியும். விலையெல்லாம் டாலரில் இருந்தது. என் வீட்டுக்காரர் எந்த விலையைப் பார்த்தாலும் ரூபாயாக்கி, ரூபாயைப் புண்ணாக்காக்கித்தான் பார்ப்பார். ஒரு காப்பி விலையைப் பார்த்துவிட்டு, "இந்தா, ஒரு கெடாவுக்கு ஒரு வாரத்துத் தீனி" என்றார். காப்பி விலைக்குக் கீழே இன்னொரு தொகையும் அச்சாகியிருந்தது. என்ன என்று கேட்டால், அது கொண்டுவந்து கொடுத்தவருக்கான டிப்ஸாம். நாம் கொடுக்கவில்லை, அதுவாகவே ஏறிக்கொண்டது.

பணம் மாற்றுகிற இடம் ஒன்று இருந்தது. எந்தெந்த நாட்டு நோட்டு மாற்றலாம் என்று கொடியோடு பலகை வைத்திருந்தார்கள். எத்தனையோ கொடி இருந்தது, நம்முடையது இல்லை. என் வீட்டுக்காரர் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அங்கே இருந்த பெண் சிரித்தபடியே தலையை ஆட்டினாள். அவர் நோட்டைக் கசங்காமல் நீவி, பையில் வைத்துக்கொண்டார். "நம்ம கடையில இதுக்கு எத்தன பேரு கையெடுத்துக் கும்பிடுதான். இங்கன வெறுங்காயிதமாம்" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அன்றைக்கு ராச்சாப்பாட்டில்தான் மகள் இன்னொரு விஷயம் சொன்னாள். காப்பிக்கு ஏறின டிப்ஸ் தனியாம். அது போக, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தினமும் ஒரு தொகை கணக்கில் ஏறுமாம். அறையைக் கூட்டுகிறவர், சாப்பாடு வைக்கிறவர், உள்ளே மறைவில் பாத்திரம் தேய்க்கிறவர் எல்லாருக்கும் சேர்த்து அது.

"பச்சப்புள்ளைக்குமா?" என்று மடியில் இருந்த பேரனைக் காட்டிக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அவனுக்கும்தான்ப்பா. கட்டில் இருக்குல்லா."

"கேக்காமலா எடுப்பாம்?"

"கேக்காமத்தான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கூலி வேறு, கையில் கொடுக்கிறது வேறு. மகள் கல்யாணத்துக்குச் சமைத்த தவசுப்பிள்ளைக்குப் பேசின சம்பளத்தைக் கொடுத்துவிட்டோம். அதோடு அவர் கிளம்பிவிடவில்லை, நாங்களும் விடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் ஒரு தொகையும் ஒற்றை ரூபாய் நாணயமும் வைத்து, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று கொடுத்தோம். அப்படிக் கொடுத்தால்தான் வேலை முடிந்ததாக இரண்டு பக்கமும் மனசு நிறையும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று முகம் தெரியாமல் இயந்திரம் கழித்துக்கொள்கிற காசுக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே மகளிடம் சொன்னேன். "நீ யோசிக்காம சாப்பிடும்மா" என்றாள்.

மறுநாள் காலையில் எங்கள் அறையைச் சுத்தம் செய்ய ஒருவர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். காதோரம் நரை. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் முழித்தேன். அவர் வாளியைத் தூக்கும்போது முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தெலுங்கு. நான் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரான இடைசெவல். எங்கள் வீட்டில் தமிழ்தான் என்றாலும் அக்கம்பக்கம் முழுக்கத் தெலுங்கு பேசுகிற வீடுகள். அவர்கள் பிள்ளைகளோடு பருத்தி பொறுக்கி, பாண்டி ஆடி வளர்ந்தவளுக்குத் தெலுங்கு தானாக வந்துவிட்டது. "எந்த ஊரு தம்பி?" என்று தெலுங்கில் கேட்டேன். மனுஷர் வாளியை வைத்துவிட்டார். விசாகப்பட்டினம் பக்கமாம். "எங்க ஊர்ல எங்க பாட்டன் காலத்துல பேசின பேச்சை நீங்க இப்பவும் பேசுதீங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் சந்தோஷமான கேலி. அந்தக் கப்பலில் எனக்கு வாய்விட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்தது அப்படித்தான்.

அன்று சாயங்காலம் நாங்கள் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால், படுக்கைமேல் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துண்டை மடித்து மடித்தே செய்திருக்கிறார். தும்பிக்கை, காது, உட்கார்ந்த வாகு, எல்லாம் அச்சு அசல். வருகிறவர்களைச் சந்தோஷப்படுத்த அந்த மாதிரி குரங்கு, அன்னம், முயல் என்று செய்துவைப்பது கப்பல் வழக்கமாம். அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. எனக்குப் பார்த்தவுடன் கைதான் கூம்பியது. அதை எடுத்து மேஜைமேல் கிழக்குப் பார்த்து வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, மகள் சாப்பாட்டு மேஜையிலிருந்து கொண்டுவந்த பூவை வைத்தேன்.

"அது துண்டுட்டி" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியும்" என்றேன்.

துண்டு என்று எனக்குத் தெரியாதா? மஞ்சளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டி, மேலே ஒரு அருகம்புல்லைச் சொருகினால் பிள்ளையார் என்று கும்பிடுகிறோம். அதை மஞ்சள் என்று யாரும் சொல்வதில்லை. துண்டு மட்டும் என்ன பாவம் செய்தது? அன்று ராத்திரி நான் தலை துடைக்கத் துண்டு இல்லாமல் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பிள்ளையாரைக் கலைக்கவில்லை.

காலையில் அந்தத் தம்பி வந்தார். மேஜையைப் பார்த்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம் ரகசியம் பேசுகிற மாதிரி, "அம்மா, தினமும் துண்டை எண்ணி ஒப்படைக்கணும். இவரை எப்பக் கடல்ல கரைக்கப்போறோம்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரித்து இருமிவிட்டார். நான் வடக்கே நகர்த்தி, போய் வாருமய்யா என்று சொல்லிப் பிரித்துக் கொடுத்தேன். குங்குமம் துண்டில் ஊறியிருந்தது. கறை பட்டால் மேலே கேட்பார்களாம். அந்தத் தம்பி அதைச் சலவைக்குப் போடாமல் தன் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கையாலேயே கசக்கிக் காயவைத்திருக்கிறார். அதை அவராகச் சொல்லவில்லை. மறுநாள் நான் கேட்டபோதுதான், "சாமி பட்ட துணிம்மா, மெஷின்ல போட மனசு வரல" என்றார்.

அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் தலைக்குக் குளித்துவிட்டு, அறையில் இருந்த சாசர் ஒன்றைத் துடைத்து, வெற்றிலை பாக்கு வைத்தேன். கைச்செலவுக்கு என்று மகள் கொடுத்திருந்த சிங்கப்பூர் நோட்டில் பாதியை வைத்தேன். அதன்மேல் என் சுருக்குப்பையிலிருந்து நம்ம ஊர் ஒற்றை ரூபாய். என் வீட்டுக்காரரையும் எழுப்பி நிறுத்தி, இருவருமாகக் கொடுத்தோம். அந்தத் தம்பி இரண்டு கையையும் பேண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டைப் பையில் வைத்தவர் ரூபாய் நாணயத்தை மட்டும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பாத்து ஏழு மாசம் ஆச்சும்மா" என்றார்.

அப்போதுதான் கேட்டேன், கணக்கில் தினமும் ஏறுகிற அந்தக் காசு நிஜமாகவே உங்களுக்கு வருகிறதா என்று.

"வருதும்மா. அதுதான் எங்க சம்பளமே. கம்பெனி கொடுக்கிறது சோத்துக்கும் சோப்புக்கும் சரியாப் போயிரும். வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் அந்தக் காசுதான்."

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளாம். பெரியவள் நர்சிங் படிக்கிறாளாம். கேட்டதும் எனக்கு அந்த இயந்திரத்தின்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. முகம் தெரியாமல் போனால் என்ன, போய்ச் சேருகிறதே என்று நினைத்தேன்.

கடைசி நாள் சாயங்காலம். மறுநாள் காலையில் இறங்கவேண்டும். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிவிட்டு அந்தத் தம்பி வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் சாசர். அதில் நான் கொடுத்த நோட்டு அப்படியே மடித்தபடி இருந்தது. வாடின வெற்றிலையைக்கூட எடுத்துவைத்திருந்தார். ஒற்றை ரூபாய் மட்டும் இல்லை.

"என்ன தம்பி இது?"

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க ரூம் கணக்குல தினக் காசை வேண்டாம்னு எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அப்படி எடுத்துட்டா, அந்த ரூம்ல கையில வாங்கினதையும் நாங்க வச்சுக்கக் கூடாது. கொண்டுபோய் எல்லாருக்கும் பிரிக்கிற பொதுவுல போட்டுரணும். தட்டுல வச்சுக் கொடுத்த காசை அங்க போட மனசு வரல. அதான் உங்ககிட்டயே கொடுத்திரலாம்னு வந்தேன். ரூபாயை மட்டும் நான் வச்சுக்கிடுதேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யார் எடுத்தது, எதற்கு எடுத்தது? அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தத் தினக் காசு வேண்டாம் என்றால் வரவேற்பு மேஜையில் போய்ச் சொல்லலாமாம். சொன்னால் மொத்தத்தையும் நீக்கிவிடுவார்களாம். இறங்குகிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதற்கென்றே அங்கே வரிசை நிற்குமாம். எங்கள் மாப்பிள்ளை மத்தியானமே போய் எங்கள் அறை, அவர்கள் அறை இரண்டுக்கும் நீக்கச் சொல்லிவிட்டார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. பழகிப்போன முகமாக இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. நான் தட்டில் வைத்துக் கொடுத்தது என் வாசலுக்கே திரும்பி வந்து நிற்கிறது. இந்த வயசு வரைக்கும் எனக்கு அப்படி நடந்ததில்லை. கடனைத் திருப்பி வாங்கலாம், தாம்பூலத்தைத் திருப்பி வாங்க முடியுமா? நர்சிங் படிக்கிற அந்தப் பிள்ளைக்குப் போகிற காசு அது. என்னிடம் திரும்பி வரக்கூடாது, பொதுவிலும் போய் விழக்கூடாது.

"அதக் கையிலயே வச்சிருங்க தம்பி. நான் வாரதுக்குள்ள யாருகிட்டயும் கொடுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாப்பிள்ளை செஞ்சதுல நீ தலையிடாத. டிக்கெட் எடுத்தது அவிய" என்றார்.

"டிக்கெட் எடுத்தது அவியதான். தட்டு வச்சது நம்ம ரெண்டு பேரும்தான. நீங்களும் கூட நின்னிய" என்றேன். அவர் பெட்டியின் ஜிப்பை இழுக்க ஆரம்பித்தார்.

பக்கத்து அறையில் மகள் தனியாக இருந்தாள். மாப்பிள்ளை பேரனை நீச்சல்குளம் காட்டக் கூட்டிப்போயிருந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்டில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அவருக்குத் தெரிஞ்சா கோவப்படுவாரும்மா."

"தெரியாம எதுக்குச் செய்யணும்? இது என்ன களவா? அவருக்குப் போன் பண்ணி வரச் சொல்லுட்டி."

வரவேற்பு மேஜையில் வரிசை நீளமாக நின்றது. பாதிக்குமேல் நம் நாட்டு முகம். எங்கள் முறை வந்தபோது மகள் இங்கிலீஷில் சொன்னாள், எடுத்த காசைத் திரும்பவும் கணக்கில் போடச் சொல்லி. மேஜையில் இருந்த பெண் கேட்டது சரிதானா என்பதுபோல இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், கணக்கு எந்த ஐயா பேரில் இருக்கிறதோ அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மாற்ற முடியும் என்றாள்.

"சரி, வரட்டும். அதுக்குள்ள இன்னொன்னு கேளு" என்றேன் மகளிடம். "கூட்டுதவருக்கு, தேய்க்குதவருக்குச் சம்பளம் நீங்கதான கொடுக்கணும்? டிக்கெட்லயே சேத்து வாங்கிட்டு நேரா கொடுத்துட்டா ஆச்சு. கொடுக்கவா எடுக்கவான்னு எங்க கையில விட்டுட்டு நீங்க சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி?"

மகள் அதை எவ்வளவு சொன்னாளோ தெரியாது. அந்தப் பெண் சிரிப்பு மாறாமல் ஏதோ பதில் சொன்னாள்.

"மேல சொல்லுதாங்களாம்மா."

"மேலன்னா எங்க, மொட்டமாடிக்கா?"

பின்னால் நின்றவர் ஒருவர் சிரித்தார். மதுரைப் பக்கத்துப் பேச்சு. "அக்கா, நாங்கெல்லாம் எடுக்கச் சொல்லி நிக்கிறோம், நீங்க வைக்கச் சொல்லி நிக்கிறீங்க. நீங்க ஒரு ஆளு கொடுத்தாத்தான் கப்பல் மிதக்கப்போகுதா? வரிசைய விடுங்கக்கா" என்றார்.

"கப்பல் மிதந்தா மிதக்குது, முங்குனா முங்குது அண்ணாச்சி. உங்க படுக்கைய நாலு நாளா விரிச்ச மனுசன் பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை வந்தார். தோளில் பேரன், தலை ஈரத்தோடு. வழக்கம்போல என் கால் ஒதுங்கப் பார்த்தது. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. அவர் நிற்கிறார், நான் அதில் உட்கார்ந்தேன். மகள் முகம் வெளுத்துப்போனது. அது சின்ன விஷயம் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"என்ன ஆச்சு?" என்று மகளிடம்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை" என்றேன். அவர் திரும்பினார். நான் கூப்பிட்டு அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "எடுத்த காசத் திரும்ப வைக்கணும். கையெழுத்து நீங்கதான் போடணுமாம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அத்தை, ரூமுக்குப் போய்ப் பேசலாம்" என்றார்.

"எடுத்தது இங்கன. வைக்கதும் இங்கனயே இருக்கட்டும்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது அத்தை. நாம டிக்கெட்டுக்கே அவ்வளவு காசு கொடுத்திருக்கோம். வேலை செய்யறவங்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது கப்பல்காரன். அவன் கொடுக்காம நம்ம தலையில கட்டறான். இது ஏமாத்து. எங்க ஆபீஸ்ல போய்ட்டு வந்த எல்லாரும் எடுத்துடுங்கன்னுதான் சொன்னாங்க. விருப்பம் இருந்தா கொடுக்கலாம்னு அவங்க ரூல்லயே இருக்கு."

"கப்பல்காரன் செய்யுதது ஏமாத்துதான். நானும் இப்ப அந்தப் பொண்ணுகிட்ட அதத்தான் கேட்டேன். அந்தச் சண்டைய கப்பல்காரன்கூடப் போடுங்க, நானும் வந்து நிக்கேன். படுக்கை விரிச்சவர்கூடப் போடாதீங்க. விருப்பம் இல்லன்னா ஏறுன அன்னைக்கே இந்த மேஜையில வந்து சொல்லியிருக்கணும். அறையக் கூட்டாதீங்க, துண்டு மாத்தாதீங்க, நாங்களே பாத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்கணும். வேலைய பூராம் வாங்கிக்கிட்டு, இறங்கப்போற சாயங்காலம் வந்து விருப்பம் இல்லன்னா, அது எந்த ஊரு விருப்பம்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. பேரன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். முருகா, என் மகள் வாழ்க்கையில் இதனால் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேதான் பேசினேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்குப் பாரமா இருந்தா சொல்லுங்க. ஊருக்குப் போனதும் உங்க மாமா பேங்குல போட்டுவிடுவாக. இங்கன எங்க ரூவா செல்லமாட்டேங்கு, இல்லன்னா நானே கட்டிருப்பேன்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கவேண்டும். "காசுக்காக இல்ல அத்தை" என்றார்.

"காசுக்காக இல்லன்னா இன்னும் லேசு. வைங்க."

அவர் பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு மேஜைக்குப் போனார். அந்தப் பெண் எந்த அறைக்கு என்று கேட்டாள் போல. அவர் எங்கள் அறை எண்ணைச் சொன்னார். அப்போதுதான் என் மகள், மாப்பிள்ளை வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள், பேரனை இடுப்பில் வைத்தபடியே முன்னால் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் 'டூ ரூம்ஸ்' என்பது எனக்கே புரிந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அவர் இரண்டு அறைக்குமாகக் கையெழுத்துப் போட்டார்.

மேலே போனபோது அந்தத் தம்பி எங்கள் வராந்தாவின் கோடியில் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். சாசர் வண்டியின்மேல் துண்டுக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "வச்சாச்சு தம்பி. கணக்குல பாத்துக்கிடுங்க. தட்டுல உள்ளதும் உங்களுக்குத்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. வண்டியில் இருந்த போனை எடுத்து யாரிடமோ கேட்டார். கேட்டுவிட்டு வைத்தார். ரொம்ப நாளாக இந்தக் கப்பலில் வேலை பார்க்கிறாராம். எடுத்ததை மறுபடி வைத்துப் பார்த்ததில்லை என்றார். நான் என்ன சொல்ல? பிள்ளையை நல்லாப் படிக்க வைங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை மூடினேன்.

காலையில் இறங்கும்போது மாப்பிள்ளை எங்கள் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். விமான நிலையத்துக்கும் கொண்டுவந்து விட்டார். மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை. என் வீட்டுக்காரரோடு வழக்கமாகப் பேசுகிற பேச்சு மட்டும் இல்லை. விமானம் ஏறின பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார், "மாப்பிள்ளைகிட்ட அப்பிடிப் பேசியிருக்க வேண்டாம்."

"வேற எப்பிடிப் பேசணும்னு சொல்லுங்க. அடுத்த மட்டம் அப்பிடிப் பேசுதேன்."

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அப்படியே தூங்கிப்போனார்.

ஊரில் சொந்தக்காரர்கள் நாலும் பேசினார்கள். கூட்டிப்போன மாப்பிள்ளையை நடுச்சபையில் நிறுத்திவிட்டாள் என்றாள் என் நாத்தனார். உட்கார்ந்து பேசினாளாமே, உட்கார்ந்து, என்று இன்னொருத்தி. நான் இல்லை என்று சொல்லவில்லை. நாற்காலி கிடந்தது, உட்கார்ந்தேன். என்னிடம் நேரில் கேட்டவர்களுக்கு ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சமைத்தவர், தட்டில் வைத்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து வாசலில் நீட்டினால் நீங்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வீர்களா? ஒருத்தரும் படுப்பேன் என்று சொல்லவில்லை.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். பேரன் பேச்சு, சமையல் பேச்சு எல்லாம் முடிந்த பிறகு குரலை இறக்கினாள்.

"அம்மா, அவரு இன்னும் மனசுல வச்சிருக்காரு. நீ ஒரு வார்த்த, வருத்தமா இருக்குன்னு சொல்லிட்டா எல்லாம் சரியாயிரும். போனைக் கொடுக்கவா?"

"கொடு."

"என்ன சொல்லப்போற?"

"நல்லாருக்கீங்களான்னு கேப்பேன். வேலையெல்லாம் எப்படிப் போகுதுன்னு கேப்பேன்."

"அதில்லம்மா. வருத்தமா இருக்குன்னு..."

"வருத்தம் இருந்தா நான் சொல்லமாட்டேனாட்டி?"

அந்தப் பக்கம் என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. போன் கை மாறியது.